கேம்பர் டிரெய்லருக்கு ஷோர் பவர் வரவில்லையா? சப்ளை பெட்டியிலிருந்து சுவர் சாக்கெட் வரை தேடும் முறை

டிரெய்லரை முகாம் இடத்தில் நிறுத்தி, அங்குள்ள சப்ளை பெட்டியில் கேபிளை மாட்டியாயிற்று. இப்படி வெளியிலிருந்து கேபிள் வழியே வரும் மெயின் மின்சாரம்தான் ஷோர் பவர். உள்ளே போய் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, தண்ணீர் பம்ப் ஓடுகிறது, கூரை விசிறி சுற்றுகிறது. கரண்ட் வந்துவிட்டது என்று மனம் சொல்லும். ஆனால் இவை மூன்றும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. வெளியிலிருந்து சப்ளையே வராவிட்டாலும் பேட்டரி தீரும்வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். நள்ளிரவில் விளக்கு மங்கி, ஹீட்டர் விசிறி திணறி நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அதன் பிறகு இருட்டில் டார்ச்சை வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

ஆகவே கேபிள் மாட்டியதும் விளக்கைப் பார்க்காதீர்கள். மைக்ரோவேவ் கடிகாரம் ஒளிர்கிறதா, சுவர் சாக்கெட்டில் சார்ஜர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கூடவே பேட்டரி முனையில் மீட்டரை வையுங்கள். ஈய-அமில பேட்டரியாக இருந்து 13.2 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் கன்வர்ட்டர் (வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கருவி) சார்ஜ் செய்கிறது என்று பொருள். 12.7 காட்டி, அது மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் சார்ஜ் இல்லை. லித்தியம் பேட்டரியில் இந்தக் கணக்கு செல்லாது. சார்ஜே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் அது 13.3 வோல்ட் அளவில் நிற்கும். சோலார் பேனல் இருந்தால் பகலில் அதுவும் எண்ணை ஏற்றிக் காட்டும், அதை முதலில் நிறுத்திவிடுங்கள்.

இந்தச் சோதனை முடிந்ததும் வழி இரண்டாகப் பிரியும். சாக்கெட், மைக்ரோவேவ், ஏர்கண்டிஷனர் எதுவுமே வேலை செய்யாவிட்டால் வெளி சப்ளை உள்ளே வரவில்லை. அவை ஓடி, பேட்டரி மட்டும் இறங்கினால் ஷோர் பவரில் குறையில்லை. கன்வர்ட்டரைப் பார்க்க வேண்டும். அது கடைசியில் வருகிறது.

தொடுவதற்கு முன்

கேபிள் மாட்டிய டிரெய்லரின் உலோகப் பகுதியைத் தொடும்போது கையில் சுருக்கென்று ஏறினால், வேறு எதையும் பார்க்காதீர்கள். டிரெய்லரின் உடலைத் தொடாமல் நகர்ந்துபோய் சப்ளை பெட்டியின் பிரேக்கரை இறக்குங்கள். எர்த் எங்கோ அறுந்திருக்கிறது, உள்ளே ஏதோ ஒரு கருவியிலிருந்து கசிவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் டிரெய்லரின் உடல் முழுக்க மின்சாரம் ஏறும். எர்த் கம்பி சரியாக இருந்திருந்தால் அந்தக் கசிவு அதன் வழியாகப் போயிருக்கும். ரப்பர் டயரின் மேல் நிற்கும் டிரெய்லருக்கு அந்த ஒரு கம்பிதான் பாதுகாப்பு. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நிற்பவர் கதவுப் பிடியைத் தொட்டால் மின்சாரம் அவர் வழியாகத்தான் இறங்கும். "லேசான ஷாக்தானே" என்று அந்த நிலையில் ஒரு இரவுகூடக் கழிக்கக் கூடாது.

கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் சப்ளை பெட்டியின் பிரேக்கர் இறங்கியே இருக்க வேண்டும். லோடு (கரண்ட் இழுக்கும் கருவிகள்) ஓடும்போது பிளக்கை உருவினால் பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே தீப்பொறி பாய்ந்து உலோகத்தைக் குழியாக்கும். பின்னால் வரப்போகும் லூஸ் காண்டாக்டுக்கு விதை அதுதான்.

சப்ளை பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது முகாம் இடத்தின் எலக்ட்ரீஷியன் வேலை, நம்முடையது அல்ல. சாக்கெட்டில் மீட்டர் முனையை வைத்து அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரெய்லருக்குள் மூடியைத் திறந்து உயிருள்ள கம்பியில் அளக்கும் பழக்கம் இல்லாதவர்கள், அந்த இடத்தில் நிறுத்தித் தெரிந்தவரை அழைக்கவும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. கேட்-3, 600 வோல்ட் என்று பாதுகாப்புத் தரம் அச்சிட்ட மல்டிமீட்டர், தொடாமலே காட்டும் டெஸ்டர், மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர், ஹோல்டரில் மாட்டிய சாதாரண குண்டு பல்பு ஒன்று, ஸ்க்ரூடிரைவர்கள், காண்டாக்ட் கிளீனர். இவற்றோடு 1500 வாட் அளவில் இழுக்கும் அறை ஹீட்டர் அல்லது முடி உலர்த்தி. தேடலில் மீட்டருக்கு அடுத்தபடி உதவப்போவது இந்த ஹீட்டர்தான்.

லோடு இல்லாத வோல்டேஜை நம்பாதீர்கள்

120 வோல்ட் இடத்தில் மீட்டர் 120 காட்டுகிறது, ஆனால் ஏர்கண்டிஷனரைப் போட்டால் எல்லாம் அணைந்துவிடுகிறது. இது அடிக்கடி வரும் புகார். மீட்டர் இழுக்கும் கரண்ட் அற்பமானது. ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியிலும், கருகிப்போன பின்னிலும் அது முழு வோல்டேஜையே காட்டும். ஹீட்டரைப் போட்டு 12 ஆம்ப் இழுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு ஏமாற்றும் உண்டு. எங்கும் இணைக்காத கம்பியில்கூட டிஜிட்டல் மீட்டர் 40, 60, 80 வோல்ட் என்று காட்டும். பக்கத்தில் ஓடும் உயிருள்ள கம்பியிலிருந்து தொற்றிவரும் வோல்டேஜ் அது. அதில் பலமே இருக்காது. சந்தேகம் வந்தால் குண்டு பல்பை அதே இரு முனைகளுக்கும் இடையில் கொடுங்கள். பல்பு எரியாமல், மீட்டரின் எண்ணும் பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்தக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது.

சப்ளை பெட்டி

தேடலை எப்போதும் இங்கிருந்து தொடங்குங்கள். பாதி நேரம் குறை இங்கேயே முடிந்துவிடும், டிரெய்லரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டியிருக்காது.

பிரேக்கர் மேலே நிற்பதுபோல் தெரிந்தாலும் டிரிப் ஆகியிருக்கலாம். நெம்புகோல் நடுவில் தொங்கும், பார்வைக்குத் தெரியாது. முழுதாகக் கீழே அழுத்தி, டக்கென்று உட்கார்ந்ததை உறுதிசெய்து, பிறகு மேலே தூக்குங்கள். மேலே போட்ட நொடியே விழுந்தால் கேபிளைக் கழற்றிவிட்டுப் பிரேக்கரைத் திரும்பப் போடுங்கள். கேபிள் இல்லாமலும் விழுந்தால் பெட்டியில் குறை. நின்றால் குறை உங்கள் பக்கம்.

இனி அளவு. வட அமெரிக்க வகை 30 ஆம்ப் சாக்கெட்டில் மூன்று துளைகள்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட் அளவில் வர வேண்டும். 108-க்குக் கீழே இருந்தால் ஏர்கண்டிஷனரைப் போடாதீர்கள். ஃபேஸ்-எர்த் அதே எண், நியூட்ரல்-எர்த் பூஜ்யத்துக்கு அருகில். நீல நிற வட்டப் பிளக் உள்ள 230 வோல்ட் இடங்களில் 207 முதல் 253 வரை ஏற்கத்தக்கது.

எண்கள் மாறினால் அவை சொல்வது இதுதான். ஃபேஸ்-எர்த் சரியாக இருந்து ஃபேஸ்-நியூட்ரல் வரவில்லை என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஃபேஸ்-நியூட்ரல் சரியாக இருந்து ஃபேஸ்-எர்த் வராவிட்டால் எர்த் இல்லை. அந்தப் பெட்டியில் மாட்டவே வேண்டாம். நியூட்ரல்-எர்த் நடுவே முழு வோல்டேஜும் வந்து, ஃபேஸ்-எர்த் பூஜ்யமானால் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன. இடம் மாறினாலும் எல்லாம் ஓடும். ஆனால் ஒற்றைக் கம்பியை மட்டும் வெட்டும் சுவிட்சை அணைத்தாலும் கருவிக்குள் மின்சாரம் நிற்கும்.

நான்கு பின் உள்ள 50 ஆம்ப் சாக்கெட்டில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அதில் இரண்டு ஃபேஸ்கள். ஒவ்வொன்றிலிருந்தும் நியூட்ரலுக்கு 120, இரண்டுக்கும் நடுவே 240. மூன்று ஃபேஸ் சப்ளையிலிருந்து எடுத்த இடமானால் 208. ஒரு ஃபேஸ் மட்டும் போனால் டிரெய்லரில் பாதி ஓடும், பாதி ஓடாது: முன் ஏர்கண்டிஷனர் ஓடும், மைக்ரோவேவ் செத்துக்கிடக்கும். இதை உள் வயரிங் கோளாறு என்று நினைத்துச் சுவரைப் பிரிப்பவர்கள் உண்டு. முதலில் பிளக்கின் நான்கு பின்களையும் பாருங்கள்.

நியூட்ரல் போனால் கதையே வேறு. இரண்டு ஃபேஸிலும் தொங்கும் லோடுகள் தொடராக இணைந்து 240 வோல்ட்டைத் தமக்குள் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரு பக்கம் 80, மறுபக்கம் 160 என்றாகும். லோடு குறைவாக உள்ள பக்கம்தான் அதிக வோல்டேஜ் வாங்கும்; அதாவது டிவியும் சார்ஜரும் தொங்கும் பக்கம் முதலில் கருகும். சில விளக்குகள் திடீரென்று பிரகாசமாகி, வேறு சில மங்கினால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், ஓடிப்போய் பிரேக்கரை இறக்குங்கள்.

பெட்டி சாக்கெட் நன்றாக இருந்து பிளக் மட்டும் தளர்வாக ஆடினால் உள்ளே உள்ள ஸ்பிரிங் பிடிப்பு போய்விட்டது. நூற்றுக்கணக்கானோர் மாட்டிக் கழற்றிய சாக்கெட்டில் இது நடக்கும். வேறு பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். காரணம் அடுத்து.

பிளக்கின் பின்னைப் பாருங்கள்

பிரேக்கரை இறக்கி, கேபிளின் இரு முனைகளையும் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல பித்தளைப் பின் மங்கிய மஞ்சளாக, எங்கும் ஒரே நிறமாக இருக்கும். சூடேறிய பின் அடியிலிருந்து பழுப்பாகி, நுனியை நோக்கி ஊதாவும் நீலமும் கலந்து போகும். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கட்டைவிரலால் தடவினால் மற்ற பின்களைச் சுற்றி இருப்பதுபோல் தட்டையாக இராது. லேசாக உப்பி, கண்ணாடிபோல் பளபளக்கும். முகர்ந்தால் கவிச்சி அடிக்கும். எரியும் பிளக்கின் வாடையை மீன் வாடை என்று பலர் சொல்வது இதைத்தான்.

ஏன் இப்படி ஆகிறது? தளர்ந்த தொடர்பில் வெறும் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 30 ஆம்ப் ஓடும்போது அங்கே பிறக்கும் சூடு 30 × 30 × 0.1, அதாவது 90 வாட். ஈயம் உருக்கும் சாதாரணப் பற்றவைப்புக் கோல் 25 முதல் 60 வாட். அதைவிடச் சூடான ஒன்று பிளக்குக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. சூடேறிய ஸ்பிரிங் தன் இறுக்கத்தை இழக்கும். இறுக்கம் போனால் தடை கூடும். தடை கூடினால் சூடு இன்னும் கூடும். பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது, ஓடும் கரண்ட் 30 ஆம்பைத் தாண்டவில்லையே!

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நிறம் போகும், இறுக்கம் திரும்பாது. கருகிய பிளக்கை மாற்றுங்கள், அது உட்கார்ந்திருந்த சாக்கெட்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டது நல்லதையும் கெடுத்துவிடும்.

கேபிளின் நடுப்பகுதி பெரும்பாலும் கெடாது. முனைகளிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்தான் இழைகள் அறும், வளைந்து வளைந்து ஒடிவது அங்கேதான். இரு பக்கமும் கழற்றிய நிலையில் ஒவ்வொரு கம்பியாக ஓம் அளவில் வைத்து, மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்துப் பாருங்கள். அரை ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். அளக்கும்போதே முனையருகே கேபிளை நாலா பக்கமும் வளைத்துக் காட்டுங்கள். எண் துள்ளினால் அந்த முனையை வெட்டிப் புதுப் பிளக் போட வேண்டும். ஒரு பின்னுக்கும் இன்னொரு பின்னுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது.

நீளமும் தடிமனும் கணக்கில் வரும். 10 கேஜ் கம்பியில் 15 மீட்டர் கேபிள் 30 ஆம்ப் முழு லோடில் சுமார் 3 வோல்ட் விழுங்கும். 2.5 சதுர மில்லிமீட்டரில் 25 மீட்டர் கேபிள் 16 ஆம்பில் சுமார் 6 வோல்ட். இது பரவாயில்லை. தோட்டத்துக்கு வாங்கிய மெல்லிய நீட்டிப்புக் கம்பியை நடுவே சேர்த்தால்தான் நிலைமை கெடும். மிச்சக் கேபிளை இறுகச் சுருட்டி வைக்காதீர்கள், உருளையில் சுற்றியபடி விடாதீர்கள்; உள் சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தரையில் அகலமாக நெளித்துப் பரப்பிப் போடுங்கள்.

அடாப்டரும் குற்றவாளியாகலாம். 30 ஆம்ப் பிளக்கைச் சாதாரண 15 ஆம்ப் சாக்கெட்டில் மாட்டும் சிறு அடாப்டர் பொருத்திவிட்டு ஏர்கண்டிஷனரைப் போட்டால், பிரேக்கர் விழும் அல்லது அடாப்டர் உருகும். 50 ஆம்ப் டிரெய்லரை 30 ஆம்ப் பெட்டியில் மாட்டினால் 12,000 வாட்டுக்குப் பதில் மொத்தமே 3,600 வாட்தான் கிடைக்கும்.

டிரெய்லரின் பக்கவாட்டு இன்லெட்

பெட்டியும் கேபிளும் சரி, ஆனால் உள்ளே சப்ளை இல்லை என்றால் அடுத்த சந்தேகம் இங்கே, கேபிளை டிரெய்லரில் செருகும் இடத்தில். முறுக்கிப் பூட்டும் வகை இன்லெட்டில் பிளக்கைச் செருகி வலப்பக்கம் கடைசிவரை திருப்பி, வெளி வளையத்தையும் இறுக்க வேண்டும். பாதி திருப்பியதோடு விட்டால் பின்களின் ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். வளையம் இறுக்காவிட்டால் கேபிளின் எடை முழுக்கப் பின்களில் தொங்கும். மழை நீர் இறங்கும் இடமும் இதுவே. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த டிரெய்லரில் குளவிக் கூடும் இருக்கும், செருகும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேபிளை இரு பக்கமும் கழற்றி, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு, இன்லெட்டைப் பிடித்திருக்கும் வெளி ஸ்க்ரூக்களை எடுத்து முன்னால் இழுங்கள். பின்புறம் மூன்று ஸ்க்ரூ முனைகள். பயண அதிர்வில் இவை தளர்வது மிகச் சாதாரணம். ஒவ்வொரு கம்பியையும் பிடித்து இழுத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. ஆடினால் வெறுமனே முறுக்கிவிட்டு மூடாதீர்கள். கம்பியின் நுனி கறுத்திருந்தால் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி, புதிதாக இன்சுலேஷன் சீவிப் பொருத்துங்கள். முனைப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் இன்லெட்டையே மாற்றுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வட அமெரிக்கத் தயாரிப்பு டிரெய்லர்களில் மெயின் பக்கம் கறுப்பு என்றால் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். அதே டிரெய்லரின் 12 வோல்ட் பக்கத்தில் பெரும்பாலும் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். நிறத்தை மட்டும் பார்த்து இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த் என்பது 230 வோல்ட் ஐரோப்பிய முறை.

நடுவில் நிற்கும் காவலர்கள்

சர்ஜ் பாதுகாப்புக் கருவி இருந்தால், சப்ளையைத் தடுத்து நிறுத்தியிருப்பது அதுவாகவே இருக்கலாம். வோல்டேஜ் குறைந்தாலோ, எர்த் இல்லாவிட்டாலோ, கம்பிகள் இடம் மாறியிருந்தாலோ அது விடாது. சரியாக இருந்தாலும் பல மாடல்கள் ஏர்கண்டிஷனர் கம்ப்ரசரைக் காக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருந்துதான் சப்ளையைத் திறக்கும். பொறுமையாக நின்று, திரையில் ஓடும் குறியீட்டைப் படியுங்கள். பைபாஸ் சுவிட்சைப் போட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கருவி சொன்ன குறை அப்படியேதான் இருக்கிறது. ஜெனரேட்டரில் மட்டும் எர்த் குறை காட்டினால், அந்த ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படாதது காரணமாகலாம்.

டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (ஷோர் பவர், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை உள்ளே இணைப்பது) உள்ளவர்களுக்கு ஒரு குறுக்குவழி: ஜெனரேட்டரை ஓட்டிப் பாருங்கள். ஜெனரேட்டரில் எல்லாம் ஓடி, ஷோர் பவரில் எதுவுமே ஓடாவிட்டால், சுவிட்சுக்கு அப்பால் உள்ள பேனல், பிரேக்கர், சாக்கெட் எல்லாம் நலம். குறை சுவிட்சின் ஷோர் பக்கத் தொடர்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மூடியைத் திறந்து உள்வரும் முனையிலும் வெளிச்செல்லும் முனையிலும் அளந்தால் தெரிந்துவிடும். இன்னும் நுட்பமாகப் பார்க்க, லோடு ஓடும்போது மூடிய ஒரே தொடர்பின் இரு புறமும் மீட்டர் முனைகளை வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் தொடர்பு குழிவிழுந்து சூடேறிக்கொண்டிருக்கிறது. முழு வோல்டேஜ் காட்டினால் அது மூடவே இல்லை.

சில டிரெய்லர்களில் தானியங்கிச் சுவிட்ச் கிடையாது. ஷோர் கேபிளின் முனையைப் பக்கப் பெட்டிக்குள் இருக்கும் ஜெனரேட்டர் சாக்கெட்டில் செருகும் ஏற்பாடு. போன பயணத்தில் செருகியது அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள். சப்ளையைத் தன் வழியாகவே கடத்தும் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் உடலில் சிறிய ரீசெட் பொத்தான் இருக்கும், அதையும் அழுத்திவிடுங்கள்.

பேனலும் சாக்கெட்டும்

மெயின் பிரேக்கரை முழுதாக இறக்கி ஏற்றுங்கள். உள்வரும் முனையில் வோல்டேஜ் இருந்து வெளி முனையில் இல்லாவிட்டால் பிரேக்கர் போய்விட்டது. உள்வரும் முனையிலேயே இல்லாவிட்டால் திரும்ப இன்லெட்டுக்குப் போங்கள். நியூட்ரல் பட்டையின் ஸ்க்ரூக்களை, வெளிக் கேபிளைக் கழற்றி ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் நிற்கும்போது ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். முதல் ஆண்டுப் பயணத்துக்குப் பின் கால் சுற்றாவது இறங்காத ஸ்க்ரூ அரிது.

சில சாக்கெட்டுகள் மட்டும் செத்திருந்தால், கசிவு வந்தால் தானே வெட்டும் ஜிஎஃப்சிஐ சாக்கெட்டைத் தேடுங்கள். குளியலறையிலோ சமையல் மேடையருகிலோ இருக்கும் ஒரே ஒரு ஜிஎஃப்சிஐ, வெளிப்புறச் சாக்கெட் வரை பலவற்றைக் காக்கும். அதன் ரீசெட் பொத்தான் உட்காரவே மறுத்தால், அதற்கு சப்ளையே வராமலும் இருக்கலாம். பல மாடல்கள் மின்சாரம் இல்லாமல் ரீசெட் ஆகாது. டிரெய்லர் சுவரில் வரும் சாக்கெட்டுகளில் பல, கம்பியை ஸ்க்ரூவில் கட்டாமல் பல்லால் கடித்துப் பிடிப்பவை. அதிர்வில் பிடி தளரும். ஒன்று தளர்ந்தால் அதற்கு அப்பால் உள்ள அத்தனையும் செத்துவிடும், அதனால் வேலை செய்யும் கடைசிச் சாக்கெட்டையும் செத்த முதல் சாக்கெட்டையும் சேர்த்தே திறந்து பாருங்கள்.

திரும்பத் திரும்ப விழும் பிரேக்கர்

எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்பதே பாதி விடை. போட்ட நொடியே பெரிய சத்தத்தோடு விழுந்தால் ஷார்ட். பத்து இருபது நிமிடம் ஓடி விழுந்தால் லோடு அதிகம், அல்லது பிரேக்கரின் முனையே சூடாகிறது. கூட்டிப் பாருங்கள்: 120 வோல்ட் அமைப்பில் ஏர்கண்டிஷனர் 12 முதல் 16 ஆம்ப், மைக்ரோவேவ் 12, மின் தண்ணீர் ஹீட்டர் 12, காலிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வர்ட்டர் 7. மூன்றைச் சேர்த்தாலே 30 தாண்டிவிடும். 230 வோல்ட் இடங்களில் 6 ஆம்ப் மட்டுமே தரும் பெட்டியும் உண்டு. அதில் 1,380 வாட்தான், 2,000 வாட் கெட்டில் ஒன்றே போதும் விழ வைக்க.

ஆர்சிடியோ (230 வோல்ட் இடங்களில் ஜிஎஃப்சிஐயின் வேலையைச் செய்வது) ஜிஎஃப்சிஐயோ விழுந்தால் அது கசிவு. சாக்கெட் ஜிஎஃப்சிஐ 5 மில்லி ஆம்பிலும், 230 வோல்ட் ஆர்சிடி 30 மில்லி ஆம்பிலும் வெட்டும். முதலில் எல்லாப் பிரேக்கரையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஆனால் எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தால் குழம்ப வேண்டாம்: சாதாரண ஒற்றைப் பிரேக்கர் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். நியூட்ரல்-எர்த் கசிவு அந்த வழியே ஓடும். கருவிகளின் பிளக்கையே உருவித்தான் தேட வேண்டும்.

அதிகம் கசிபவை இரண்டு: தண்ணீர் ஹீட்டரின் கம்பிச்சுருளும், கேஸ்-மின்சார ஃபிரிட்ஜின் கம்பிச்சுருளும். தண்ணீர் இல்லாத தொட்டியில் ஹீட்டரைப் போட்டால் சுருள் நொடிகளில் எரிந்து உறை வெடிக்கும். பிறகு தண்ணீர் உள்ளே இறங்கி எர்த்துக்குக் கசியும். சுருளின் முனைகளைக் கழற்றி, முனைக்கும் உலோக உடலுக்கும் நடுவே ஓம் பாருங்கள். திறந்த சுற்று என்று காட்ட வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே எந்த எண் வந்தாலும் மாற்றுங்கள். 1,440 வாட், 120 வோல்ட் சுருள் நல்லதாக இருந்தால் இரு முனைகளுக்கு நடுவே 10 ஓம் காட்டும். ஃபிரிட்ஜ் சுருள் நீண்ட ஓய்வில் ஈரம் உறிஞ்சியும் கசியும். சில மணி நேரம் கேஸில் ஓட்டினால் அந்த ஈரம் உலர்ந்து சரியாகிவிடுவதுண்டு, புதுசு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கருவி எல்லாம் கழற்றியும் விழுந்தால், டிரெய்லர் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மெயின் பேனலில் இணைத்துப் பழகியவர் டிரெய்லரிலும் அப்படியே செய்துவிடுவார். டிரெய்லரில் இந்த இணைப்பு கூடாது; அது சப்ளை தொடங்கும் இடத்தில் மட்டும்தான். கேபிளைக் கழற்றி, இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கின் நியூட்ரல்-எர்த் பின்களுக்கு நடுவே அளங்கள். பூஜ்ய ஓமை ஒட்டி வந்தால் எங்கோ சேர்ந்திருக்கிறது.

சாக்கெட் ஓடுகிறது, பேட்டரி மட்டும் இறங்குகிறது

கன்வர்ட்டருக்குப் போகும் பிரேக்கரும், சிலவற்றில் அதன் பிளக்கும் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் 12 வோல்ட் வெளி முனையில் 13.6 அளவில் வந்து பேட்டரியில் வராவிட்டால் நடுவே ஏதோ துண்டித்திருக்கிறது: பேட்டரி துண்டிப்பு சுவிட்ச், டிரெய்லரின் முன் முனையில் உள்ள 12 வோல்ட் பிரேக்கர், அல்லது துருப்பிடித்த முனை. பேனலில் அருகருகே நிற்கும் இரண்டு பெரிய ஃபியூஸ்கள், பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்ப், பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் எரிவதற்கென்றே வைத்தவை. பேட்டரி மாற்றிய மறுநாள் சார்ஜ் நின்றால் நேரே அவற்றை உருவிப் பாருங்கள்.

சரிசெய்த பிறகு

ஹீட்டரையும் மைக்ரோவேவையும் சேர்த்து ஓட்டி 30 ஆம்பில் 24 வரை இழுங்கள். 16 ஆம்ப் இடமானால் 12 போதும். மைக்ரோவேவில் ஒரு பாத்திரம் தண்ணீர் வையுங்கள், காலியாக ஓட்டக் கூடாது. லோடு இல்லாதபோது பேனலில் இருந்த வோல்டேஜையும், லோடில் இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் பெட்டிச் சாக்கெட்டிலும் அதே நேரத்தில் அளங்கள். அங்கும் விழுந்தால் முகாம் சப்ளை பலவீனம். அங்கே நிலையாக நின்று உள்ளே மட்டும் விழுந்தால் உங்கள் கேபிளிலோ இன்லெட்டிலோ இன்னும் ஒரு தளர்ந்த இணைப்பு பாக்கி. அரை மணி நேரம் ஓடியதும் பெட்டிப் பிளக், இன்லெட் பிளக் இரண்டின் ரப்பர் உடலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் லோடை நிறுத்தி, பிரேக்கரை இறக்கி, அந்த முனையைத் திரும்பக் கழற்றுங்கள்.